கட்டிலின் கணக்கு

பேரேட்டில் ஏறிய செலவை எவரும் கூட்டிவிடலாம். ஏறாத இழப்பை அளப்பதே அரிது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மருத்துவமனைகளில் விளையும் பொருளிழப்பு இத்தகையதாகும்.

1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நிகழ்த்திய நோபெல் பரிசு உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். அளவு குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்தை எதிர்த்து வாழப் பழக்கிவிடும் என்பதே அது. அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் நேரடியாக மாண்டனர் என, 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

உயிரிழப்பை எண்ணலாம், பொருளிழப்பை எங்ஙனம் எண்ணுவது? அறுவை செய்துகொண்ட ஒருவர் 5 நாளில் வீடு திரும்ப வேண்டியவர். புண்ணில் தொற்று ஏற்பட்டமையால் 12 நாள் தங்கினார் எனக் கொள்க. விலை மிகுந்த மாற்று மருந்தும் ஆய்வுக்கூடச் சோதனையும் செலவுப் பட்டியலில் ஏறும். மருத்துவர் ஊதியமும் கட்டடச் செலவுமோ, தொற்று இருப்பினும் இல்லாவிடினும் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, தொற்றைத் தடுப்பதால் மருத்துவமனைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பணமன்று, கட்டிலே. அந்த 7 நாளும் அக்கட்டிலுக்காகக் காத்திருந்த மற்றொரு நோயாளியின் துன்பம் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

இக்கணக்கில் இடறும் இடங்களும் உள. தொற்றுற்றோர் நெடுநாள் தங்குகின்றனர். நெடுநாள் தங்குவோரைத் தொற்று எளிதில் பற்றவும் செய்கிறது. காரணம் எது, விளைவு எது எனப் பிரித்தறியாமல், தொற்றுக்கு முந்திய நாள்களையும் சேர்த்துக் கூட்டினால் இழப்பு மிகையாகிவிடும். மேலும், தொற்றே இல்லாதவரோடு ஒப்பிட்டால் ஒரு தொகை. மருந்துக்கு அடங்கும் கிருமி தொற்றியவரோடு ஒப்பிட்டால் வேறொரு தொகை.

பிரிட்டனில் ஜிம் ஓநீல் தலைமையில் அமைந்த குழு, கிருமிகளின் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தாவிடில், 2050க்குள் உலகம் இழக்கும் உற்பத்தியின் மதிப்பு 100 இலட்சம் கோடி அமெரிக்க டாலரை எட்டக்கூடும் என 2014இல் கணித்தது. அஃது எதிர்காலம் பற்றிய அனுமானங்களின்மேல் எழுந்த கணக்கு என்பதை மறத்தலாகாது.

அங்ஙனமாயின் மதிப்பீடே வேண்டாவோ? வேண்டும். கை கழுவும் சவர்க்காரத்தின் விலை இன்றே பட்டியலில் தெரிகிறது. அதனால் வாராதொழிந்த தொற்றோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. தெரியாத அந்நன்மையை நிதி ஒதுக்குவோர்முன் வைப்பதற்கே கணக்கு தேவைப்படுகிறது. அக்கணக்கு நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும். மிகைப்படுத்திய தொகை ஒருநாள் பொய்த்துப்போனால், மெய்யான ஆபத்தையும் உலகம் நம்ப மறுத்துவிடும் அன்றோ!