சொந்தச் செலவில் சட்டம் பயில்வோரும் தேர்வுக் காலமும்

மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு சட்டப் படிப்பை முடிக்கும் ஒருவர், அகில இந்திய பார் தேர்வை, அதாவது வழக்கறிஞராகத் தொழில் புரிவதற்கு இந்திய பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வை, எப்போது எழுதுவது என்பதைப் பெரும்பாலும் அவரது கையிருப்பே தீர்மானிக்கிறது. உரையோ குறிப்போ இல்லாத சட்ட நூல்களை உடன் வைத்துக்கொண்டு 100 கொள்குறி வினாக்களுக்கு, அதாவது தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு, விடையளிக்கும் இத்தேர்வில் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும் பட்டியல் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றால் தேறலாம். உண்மையான சுமை வேறிடத்தில் உள்ளது: முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் புரிய பார் கவுன்சிலின் 49ஆம் விதி தடை விதிப்பதால், வாதாடும் உரிமையைப் பெறும் நாளே மாதச் சம்பளத்தை இழக்கும் நாளாகவும் ஆகிவிடுகிறது.

வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான கட்டணம் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் குறிப்பிடும் 750 ரூபாயையும், பட்டியல் பிரிவினருக்கு 125 ரூபாயையும் தாண்டக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது ஏழை மாணவர்க்குக் கிடைத்த பெரும் நீதி. ஆயினும் தேர்வுக் கட்டணம் இன்னும் ஆயிரக்கணக்கில் இருப்பதாலும், இளம் வழக்கறிஞரின் தொடக்க வருவாய் நிலையற்றது என்பதாலும், சில மாதச் செலவுக்கான தொகையைச் சேர்த்த பின்னரே வேலையை விடுவது அறிவுடைமை. அத்தகைய தாமதத்தைத் தோல்வியாக எவரும் எண்ண வேண்டியதில்லை.