முந்நூறுக்கு அப்பால்

முத்திரை ஒட்டாமற் கடிதம் அனுப்பலாம் என்பது எமது தலைமுறைக்கு வியப்பளிக்கும் செய்தியன்று. மின்னஞ்சலில் ஒருவருக்கு எழுதுவதற்கும் ஓராயிரம் பேருக்கு எழுதுவதற்கும் செலவில் வேறுபாடில்லை என்ற எண்ணத்துடனேயே நாம் வளர்ந்துள்ளோம். இவ்வெண்ணம் பாதியளவே உண்மையானது என்பதை, சென்ற ஆண்டு எமது சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்பும் பணியில் ஈடுபட்டபோது அறிந்துகொண்டேன். அறிந்தது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக இருந்திருப்பின் அதனை இவ்விதழில் எழுதத் துணிந்திரேன்.

சங்கத்திடம் 412 முகவரிகளைக் கொண்ட பட்டியல் ஒன்றுண்டு. பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டது அது. பதிவேட்டைத் தொடக்கியவர் இலக்கணப் பற்றுடையவராக இருந்திருக்க வேண்டும். பெயர்கள் நெடுங்கணக்கு முறையில் உயிரெழுத்துகளிற் தொடங்கி றகரம் வரை சென்று, ஜ, ஷ, ஸ, ஹ என்னும் வடவெழுத்துகளுடன் முடிவடைகின்றன. அழைப்பிதழை ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் சொல்லித் தனி மடலாக அனுப்புவதென்று செயற்குழு முடிவு செய்திருந்தது. பொது அறிவித்தலைக் கண்டு எவரும் வரமாட்டார். பெயர் சொல்லி அழைத்தால் வருவர். இது கிராமத்துத் திருமண வீட்டில் மட்டுமன்றிப் பல்கலைக்கழகத்திலும் செல்லுபடியாகும் நியதி.

மடல்கள் மாலையிற் புறப்பட்டன. மறுநாட் காலை 116 அறிவித்தல்கள் திரும்பி வந்திருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் 550 என்றோர் எண். எமது பொருளாளர் அவ்வெண்ணைப் பற்றி விசாரித்து, "முகவரி இல்லை" என்பதே அதன் பொருள் எனக் கேட்டறிந்து வந்தார். 116 முகவரிகள் செத்துவிட்டன என்று கொண்டு, பட்டியலின் அச்சுப் பிரதியில் அப்பெயர்களின் மேற் பென்சிலாற் கோடிடத் தொடங்கினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வெண்ணுக்கு அப்பொருளும் உண்டு. பட்டதாரிகள் முகவரியை மாற்றுவதும் வெளிநாடு செல்வதும் புதுமையல்ல. அவருடைய விளக்கம் நம்பத்தகுந்ததாகவே இருந்தது.

கோடிட்ட பெயர்கள் எங்கெங்கு அமைந்திருந்தன என்பதை நோக்கியபோதே எனக்கு ஐயம் தோன்றியது. நான்கு பெயர்கள் பட்டியலின் வெவ்வேறிடங்களிற் சிதறிக் கிடந்தன. எஞ்சிய 112 பெயர்களோ இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, பட்டியலின் கடைசிப் பெயரில் முடிந்தன. முகவரிகள் நெடுங்கணக்கு வரிசையிற் சாவதில்லை! 412 இல் 112 போக எஞ்சுவது 300. இத்துணை முழுமையான எண்ணை இயற்கை தருவது அரிது. அது எவரோ வகுத்த விதியாகவே இருக்க வேண்டும்.

அறிவித்தல்களை முழுமையாக வாசித்தபோது ஐயம் தெளிந்தது. மின்னஞ்சல் நிலையங்கள் தம்முட் பேசிக்கொள்ளும் நெறிமுறையை 1982 இல் யோன் போஸ்ரல் என்பார் வகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு மறுமொழியும் மூன்றிலக்க எண்ணொன்றுடன் வரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. முதலிலக்கம் 4 ஆயின், "இப்போது இயலாது, பின்னர் முயல்க" என்று பொருள். 5 ஆயின், "இயலாது, இவ்வாறே மீண்டும் அனுப்பற்க" என்று பொருள். பிற்காலத்தில் இவ்வெண்ணுக்கு அருகே புள்ளியிட்ட எண்தொகுதியொன்றும் சேர்க்கப்பட்டது. அதில் 5.1.1 என்றிருந்தால் முகவரி இல்லையென்று துணியலாம். சிதறிக் கிடந்த நான்கு பெயர்களுக்கும் வந்த அறிவித்தல்களில் 5.1.1 இருந்தது. ஏனைய 112 இலும் அது இல்லை. ஒரு நாளைக்குரிய எல்லை கடந்துவிட்டது என்ற வாசகமே இருந்தது. அந்நான்கு மடல்களையும் திருப்பியனுப்பியவை பெறுநரின் நிலையங்கள். 112 மடல்களோ எமது சேவை நிலையத்தின் வாயிலைக்கூடத் தாண்டவில்லை. நாளைக்கு நீங்கிவிடும் தடையைச் சில சேவைகள் நிரந்தர மறுப்புக்குரிய 5 என்னும் இலக்கத்தால் அறிவிப்பது விசித்திரமே. பொருளாளரைத் திசைதிருப்பியதும் அவ்விசித்திரமே.

எல்லைகள் சேவைக்குச் சேவை வேறுபடும். கூகிள் நிறுவனத்தின் இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 500 பெறுநர் என்பதும், நிறுவனங்களுக்கான அதன் கட்டணச் சேவையில் 2000 மடல்கள் என்பதும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட அளவுகள். நாம் பயன்படுத்தியது வேறொரு சேவை. அதன் அளவு 300. ஈண்டு இன்னொன்றையும் கூறவேண்டும். ஒரே மடலை மறைபடியாக நூறு பேருக்கு அனுப்பினால் அதனை ஒன்றென எண்ணாது நூறென எண்ணும் சேவைகளே மிகுதி. "எல்லோரையும் ஒரே மடலில் அடக்கினால் என்ன?" என்று எமது குழுவில் எழுந்த யோசனை இதனாலேயே கைவிடப்பட்டது. நாள் என்பதும் நள்ளிரவில் முடியும் நாளாக இருக்கவேண்டியதில்லை. எமது சேவையில் அது முன்னைய 24 மணித்தியாலங்களைக் குறித்தது. இதனை அறியாத ஒருவர் நள்ளிரவு தாண்டியதும் மீண்டும் அனுப்பி, மீண்டும் மறுக்கப்படுவார். சில சேவைகளில் அவ்வாறு இடைவிடாது முயல்வதே ஐயத்துக்கிடமாகித் தடையை நீட்டிவிடுவதும் உண்டு.

இவ்வெல்லை யாருக்காக ஏற்பட்டது? 1978 மே 3 ஆந் திகதி, அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளரான கரி தூர்க், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டா மடல்களின் வரலாற்றை இச்சம்பவத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். கோபித்தவர் பலர், ஆயினும் விற்பனையும் நடந்தது. அன்று தொட்டு இன்று வரை சிக்கல் ஒன்றே: அனுப்புபவனுக்குச் செலவில்லை, இடம், நேரம், கவனம் ஆகிய செலவுகள் யாவும் பெறுபவன் தலையில் விழுகின்றன. பிரித்தானியாவில் 1840 இல் ரோலண்ட் ஹில் கொணர்ந்த தபாற் சீர்திருத்தத்திற்கு முன்னர், கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்தினர். மின்னஞ்சல் ஒருவகையில் எம்மை அக்காலத்திற்கே மீட்டுச் சென்றுள்ளது எனலாம். ஒவ்வொரு மடலுக்கும் கணினி ஒரு சிறு கணக்கைச் செய்து "விலை" செலுத்தவேண்டும் என்று 1992 இல் சிந்தியா டுவோர்க், மொனி நாவோர் ஆகிய இருவரும் முன்மொழிந்தனர். அழகிய யோசனை, மின்னஞ்சலின் பொது வழக்காக அது வேரூன்றவில்லை. அதனிடத்தை நிரப்பி நிற்பவற்றுள் ஒன்றே இந்த எண்ணெல்லை. முத்திரைக்குப் பதிலாகப் பங்கீட்டு அட்டை!

பங்கீட்டை நான் எதிர்ப்பவனல்லன். திருடப்பட்ட கணக்கொன்றிலிருந்து ஓரிரவில் இலட்சம் ஏமாற்று மடல்கள் புறப்படுவதைத் தடுப்பதற்கு இதனினும் எளிய வழி எனக்குத் தோன்றவில்லை. எனினும் எண்ணும் இயந்திரம் எண்ணுவதை மட்டுமே செய்கிறது. 300 உடன் நிறுத்தியபோது அது யாரை விலக்கிற்று என்பதைக் காண, கோடிட்ட தாளை மீண்டும் நோக்கவேண்டும்.

வெட்டு விழுந்த இடம் மகரத்தின் நடுப்பகுதி. "மு" என்ற எழுத்து. முருகேசு, வசந்தி, ஜெயந்தி போன்ற பெயர்களும் அங்கு இருந்தன. ஆயின் முகம்மது என்று தொடங்குவோர், றகீம், றிஸ்வி, ஷரீபா, ஸாகிரா, ஹமீட் என்று பட்டியலின் இறுதிப் பக்கங்களில் நிறைந்திருந்தவர்கள் எமது முஸ்லிம் உறுப்பினர்கள். அவர்களுட் பெரும்பாலோர் அந்த 112 இல் அடங்கினர். தமிழ்ச் சங்கம் ஒன்று தன் பழைய உறுப்பினரை அழைத்தபோது முஸ்லிம் உறுப்பினருக்கு மட்டும் அழைப்பு வரவில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கூறின், எமது கையில் 550 என்னும் எண்ணைத் தவிர வேறு மறுமொழி இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட நாட்டில், இரு சமூகத்தாரும் ஒரே மொழியில் எழுதி ஒரே மேடையிற் கவிதை வாசித்த சங்கத்தில், "இயந்திரம் நிறுத்திவிட்டது" என்ற விளக்கத்தை யார் ஏற்பர்? நானாயின் ஏற்றிரேன். அழைப்புக் கிடைக்காதவருக்குத் திரும்பிய அறிவித்தலும் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது மௌனம் மட்டுமே. அதற்கு அவரே பொருள் கற்பிக்க வேண்டியுள்ளது. பென்சிற் கோடுகள் நிலைத்திருந்தால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அம்மௌனம் தொடர்ந்திருக்கும். எவரும் எவரையும் வெறுக்காமலே ஒரு சங்கம் பாதியாகியிருக்கும்.

செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். கோடுகளை அழித்தோம், நான்கு பெயர்களுக்கு எதிரே மட்டும் "முகவரி தேடுக" என்று எழுதினோம். கடைசி மடல் புறப்பட்ட வேளையிலிருந்து 24 மணித்தியாலங்கள் கடக்கும்வரை அக்கணக்கைத் தொடவில்லை. பின்னர் 112 மடல்களையும் இரண்டு தொகுதிகளாக, இடையில் ஒரு மணித்தியாலம் விட்டு அனுப்பினோம். இம்முறை ஒன்றேனும் திரும்பவில்லை. காத்திருந்த அந்நாளிற் செயலாளரும் நானும் தொலைபேசி இலக்கம் தெரிந்த சிலரை அழைத்துப் பேசினோம். மட்டக்களப்பிலிருந்து பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அழைப்பு நண்பர்களுக்கு வந்ததை முதல் நாளிரவே அறிந்திருந்ததாகவும், தமக்கு வராததையிட்டு எவரிடமும் கேட்கவில்லை என்றும் சொன்னார். "கேக்கிறதுக்கு ஒரு மாதிரி இருந்தது தம்பி" என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் விழாவுக்கு வந்தார். பட்டியலை இப்போது நெடுங்கணக்கு முறையிலன்றிப் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டு முறையில் வைத்துள்ளோம். நாளொன்றுக்கு 200 மடல்கள் என்று செயலாளர் வகுத்த அட்டவணை சங்க அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. தேடவேண்டிய நான்கு முகவரிகளுள் இரண்டு கிடைத்துவிட்டன.