அப்பா கேட்ட தயிர்

நீரிழிவு என்று டொக்டர் சொன்ன அன்று மாலையே, வீட்டுக்குப் போகும் வழியில் யோகட் வாங்கினேன். ஸ்காபரோக் கடையொன்றின் குளிர்ப்பெட்டி முன்னால் நின்று, ‘கொழுப்பு 0%’ என்று பெரிதாக எழுதியிருந்த வனிலா யோகட்டைத் தெரிந்தெடுத்தேன். சோற்றைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் காலையும் இரவும் அதையே சாப்பிட்டேன். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏ1சி 7.9இலிருந்து 7.8 ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

மகள்தான் டப்பாவைத் திருப்பினாள். “அப்பா, முன்பக்கத்தப் பாத்து வாங்காதீங்க. பின்னால என்ன போட்டிருக்கு எண்டு வாசிங்க.”

ஒரு பரிமாறல் 175 கிராம், அதாவது முக்கால் கப். அதில் காபோவைதரேற்று 24 கிராம். பாலில் இயல்பாக இருக்கும் சீனியைக் கழித்தாலும் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சீனி மிஞ்சியது. தேநீருக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன் என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

சனிக்கிழமை இருவரும் போய் ஒவ்வொன்றாக வாசித்தோம். இனிப்புச் சேர்க்காத கிரீக் யோகட்டில் காபோவைதரேற்று 7 கிராம், புரதம் 17. அதை வடிகட்டும்போது நீரோடு பாற்சீனியும் கொஞ்சம் போய்விடுகிறது. இனிப்புச் சேர்க்காத பால்கன் யோகட்டில் 9. இரண்டையும் வாங்கி வந்தோம். பால்கன் யோகட் டப்பாவுக்குள்ளேயே உறைய விடப்படுவது. வீட்டில் திறந்து கரண்டியை இறக்கினேன். வெட்டினாற்போல் கட்டியாக வந்தது. வெட்டிய பள்ளத்தில் நீர் ஊறியது. எங்கள் சட்டித்தயிர்!

மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்குப் படுவான்கரையிலிருந்து எருமைத்தயிர் மண்சட்டியில் வரும். சோற்றில் தயிரை விட்டு, வாழைப்பழம் பிசைந்து, மேலே சீனி தூவிச் சாப்பிடுவோம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்ததும் அம்மா முதலில் நிறுத்தியது தயிரைத்தான். சோறு குறையவில்லை. பின்னேரத் தேநீரோடு பிஸ்கட்டும் நிற்கவில்லை. சீனியும் பழமும் இல்லாமல் தயிரை நினைத்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. அதனால் தயிரே கூடாது என்று நம்பினோம்.

போர் ஓய்ந்திருந்த 2003இல் ஊருக்குப் போயிருந்தேன். ஒருநாள் மத்தியானம், அம்மா குசினியில் இருந்த நேரம் பார்த்து அப்பா மெதுவாகக் கேட்டார். “மகன், ஒரு கரண்டி தயிர் போடு. சீனி வேணாம்.”

நான் கனடாவிலிருந்து வந்தவன், விவரம் தெரிந்தவன். “கூடாதப்பா” என்றேன். பசியோடு எழும்பக்கூடாதே என்று தட்டில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது என் மத்தியானச் சாப்பாட்டில் முக்கால் கப் பால்கன் யோகட் இருக்கும். வெள்ளரிக்காய் அரிந்து போட்டு, உப்பும் மிளகும் சேர்ப்பேன். சாப்பிடுமுன்பும் இரண்டு மணித்தியாலம் கழித்தும் விரலைக் குத்திப் பார்க்கிறேன். எனக்கு அதிகம் ஏறுவதில்லை. உங்கள் உடம்பு வேறாக இருக்கலாம். நீங்களும் அளந்து சாப்பிட்டு, குத்திப் பார்த்து, டொக்டரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

“கிரீக்கில ரெண்டு கிராம் குறைவுதானே அப்பா, ஏன் எப்பவும் இதையே வாங்குறீங்க?” என்று மகள் கேட்பாள்.

“தெரியும் மகள்” என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கூடைக்குள் வைப்பேன்.