2,70,000 படங்களுக்குள் ஒரு நடை

இரண்டாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்



புத்தகம் என்றால் முன்னால் பொருளடக்கம் இருக்கும். அகராதி என்றால் அகர வரிசை இருக்கும். நம்ம லைப்ரரியில்கூட எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று ஒரு நம்பர் உண்டு. வீடியோவுக்கு என்ன இருக்கிறது? மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில், பந்தியில் உங்கள் சித்தப்பா அப்பளம் நொறுக்குகிற இடம் எது என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? ரிமோட்டை எடுத்து ஓட்டுவீர்கள். தாண்டிப் போய்விடும். பின்னால் இழுப்பீர்கள். மறுபடியும் தாண்டும்!

வீடியோவைக் காட்சி காட்சியாகப் பிரித்து, எதில் என்ன அசைகிறது என்று பார்த்து, கேட்ட காட்சியை எடுத்துக் கொடுக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர முடியுமா? முடியும். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இது செமஸ்டர் தேர்வுக்கு வராது, தைரியமாகப் படிக்கலாம்!

எனக்கு ஏன் இந்த ஆசை?

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அப்பாவைப் பெற்ற தாத்தா பனையேறி. ஒருமுறை மரத்திலிருந்து விழுந்து இடது கால் வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாராம். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், 2006-ல், இறந்துபோனார். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் தாத்தா யாரையோ முறைத்துக்கொண்டிருப்பார்.

நான் கம்ப்யூட்டர் துறையில் சேர்ந்த பிறகு ஒருநாள் அப்பா கேட்டார்: "ஏலே, எங்க கல்யாண சி.டி.ல அய்யா ஒரு இடத்துல வருவாவ. போட்டோல மூஞ்சிதாம்ல இருக்கு, நடை இல்லையே. அத மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

கல்யாணம் நடந்தது 2005-ல். மொத்தம் மூன்று வி.சி.டி. பிளேயர் ரிப்பேராகி வருஷம் பல ஆகிறது. டிஸ்க்குகளை மட்டும் அம்மாவின் கல்யாணப் புடவைக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"மூணு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தா முடிஞ்சது, இதுக்கு எதுக்குப்பா புரோகிராம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் தாத்தாவைப் பார்த்ததே இல்லை, எனக்கு அடையாளம் தெரியாது. அடையாளம் தெரிந்த அப்பாவோ, வேலை முடிந்து வந்தால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். ஆகவே மூன்று மணி நேரத்தை அப்பாவின் பத்து நிமிஷத்துக்குள் அடக்க வேண்டும். இதுதான் என் பிராப்ளம் ஸ்டேட்மென்ட்!

ஓடுவதுபோல் தெரியும், ஆனால் ஓடாது

வீடியோவில் உண்மையில் எதுவுமே ஓடுவதில்லை. எல்லாம் நிற்கிற படங்கள். 1878-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர், பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையைப் படம் பிடித்தார். ஓட்டத்தில் ஒரு கணம் குதிரையின் நான்கு கால்களும் தரையில் இல்லை என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. அசைவை ஆராய்வது என்றால் நிற்கிற படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

எங்கள் வி.சி.டி.யில் வினாடிக்கு 25 படங்கள். ஒரு படம் 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். அதாவது 1,01,376 புள்ளிகள். மூன்று மணி நேரம் என்றால் 10,800 வினாடி, 2,70,000 படங்கள். பெருக்கிப் பார்த்தால் சுமார் 2,737 கோடி புள்ளிகள்! இத்தனைக்குள் எங்கோ ஒரு மூலையில் தாத்தா நடந்துகொண்டிருக்கிறார்.

வெட்டு எங்கே விழுகிறது?

கேமராவை ஆன் செய்து ஆஃப் செய்கிற வரை எடுத்தது ஒரு ஷாட். பல ஷாட்டுகள் சேர்ந்தது ஒரு காட்சி. எனவே முதல் வேலை, ஷாட் முடிகிற இடங்களைக் கண்டுபிடிப்பது.

அடுத்தடுத்த இரண்டு படங்களைப் புள்ளிக்குப் புள்ளி கழித்துப் பார்த்தால் போதாதா? போதாது. மாப்பிள்ளை தலையைத் திருப்பினாலே வித்தியாசம் எகிறிவிடும். அதனால் நம்ம பேரவைத் தேர்தல் மாதிரி ஓட்டு எண்ண வேண்டும்! ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சத்துக்கு ஒரு ஓட்டுப் போடுகிறது. கறுப்புக்கு இத்தனை, சாம்பலுக்கு இத்தனை, வெள்ளைக்கு இத்தனை. எந்த பெஞ்சில் உட்கார்ந்து போட்டார்கள் என்பது கணக்கில் இல்லை. மொத்தம்தான் கணக்கு. இதற்குப் பெயர் ஹிஸ்டோகிராம். மாப்பிள்ளை தலையைத் திருப்பினாலும் மொத்த ஓட்டு பெரிதாக மாறாது. மணவறையிலிருந்து சமையல்கட்டுக்குப் படம் தாவினால் எண்ணிக்கை அடியோடு மாறும். அங்கேதான் வெட்டு.

ஆனால் கல்யாண வீடியோவில் இதற்கு இரண்டு வில்லன்கள் உண்டு. முதல் வில்லன் பிளாஷ். கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறுகிற நேரத்தில் நாலு பக்கமும் பிளாஷ் அடிக்கும். அந்த ஒரு படம் முழுக்க வெள்ளை. ஓட்டெல்லாம் ஒரே வேட்பாளருக்கு விழுந்த மாதிரி! கம்ப்யூட்டர் அதை வெட்டு என்று எடுத்துக்கொள்ளும். பரிகாரம் என்ன? பிளாஷுக்கு முந்தின படத்தையும் இரண்டு மூன்று படம் தள்ளி வருவதையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது வெட்டு இல்லை, வெறும் மின்னல்.

இரண்டாவது வில்லன் எஃபெக்ட். ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மணமக்கள் வருவார்கள். ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்தது தெரியும். இங்கே பக்கத்துப் பக்கத்துப் படங்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சம்தான். இதற்கு 1993-ல் சிங்கப்பூரில் ஹாங்ஜியாங் ஜாங், ஆத்ரேயி கங்கன்ஹள்ளி, ஸ்டீபன் ஸ்மோலியார் ஆகிய மூவரும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பெரிய வரம்பு, ஒரு சின்ன வரம்பு. வித்தியாசம் பெரிய வரம்பைத் தாண்டினால் நேரடி வெட்டு. சின்ன வரம்பை மட்டும் தாண்டினால் சந்தேகக் கேஸ். அங்கிருந்து வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். சேர்ந்தது பெரிய வரம்பைத் தொட்டால் அதுவும் காட்சி மாற்றம்தான். நம்ம டீக்கடை அக்கவுண்ட் மாதிரி. தினம் பத்து ரூபாய்தான், மாசக் கடைசியில் பார்த்தால் மலை!

பஸ் ஜன்னல் பாடம்

அடுத்தது அசைவு. காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மரம், வீடு, கரண்ட் கம்பம் எல்லாமே பின்னால் ஓடுகின்றன. எல்லாம் ஒரே பக்கம் ஓடினால் ஓடுவது அவை அல்ல, நாம்தான். நடுவில் ஒரு சைக்கிள்காரர் மட்டும் வேறு மாதிரி நகர்ந்தால், நிஜமாகவே நகர்கிறவர் அவர்.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான். படத்தை 16 புள்ளிக்கு 16 புள்ளி என்று கட்டம் போட வேண்டும். வி.சி.டி. படத்தில் இப்படி 22 வீதம் 18 வரிசை, 396 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தின படத்தில் எங்கே இருந்தது என்று தேட வேண்டும். எல்லாப் பக்கமும் 7 புள்ளி தூரம் வரை தேடினால் 225 இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சுருக்க மூன்று படித் தேடல் என்று ஒரு முறை உண்டு. ஊருக்குப் புதுசாக வந்தவர் வீடு தேடுவதுபோல, முதலில் எந்தத் தெரு, பிறகு எந்தச் சந்து, அப்புறம் எந்தக் கதவு. முதலில் 4 புள்ளி இடைவெளியில் 9 இடம். அதில் நன்றாகப் பொருந்துவதைச் சுற்றி 2 புள்ளி இடைவெளியில் 8 இடம். கடைசியில் 1 புள்ளி இடைவெளியில் 8 இடம். மொத்தம் 25 தான். எப்போதும் மிகச் சிறந்த இடமே கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் வேலை ஒன்பதில் ஒரு பங்கு.

கட்டம் நகர்ந்த திசையை ஓர் அம்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்தால் கேமரா திரும்புகிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கம் பார்த்தால் ஜூம். சில அம்புகள் மட்டும் தனியாகப் போனால் அங்கே ஓர் ஆள் நடக்கிறார்.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டது? பந்தியில் கேமராக்காரர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஷாட்டில் போவார். ஷாட்டுக்கு ஒரு படம் என்று எடுத்தால் முதல் இலைக்காரர் மட்டும்தான் தெரிவார். அதனால் அம்புகளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கேமரா ஒரு படத்தின் அகலம் அளவுக்கு நகர்ந்ததும் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன்.

அப்பாவின் பத்து நிமிஷம்

எங்கள் லேப் கம்ப்யூட்டரில், மாலை நேரங்களில் அனுமதி வாங்கிச் செய்தேன். பயன்படுத்தியது ஓப்பன்சிவி. 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட மென்பொருள் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

2,70,000 படங்கள் 547 ஷாட்டுகளாகப் பிரிந்தன. கேமரா நகர்ந்த ஷாட்டுகளுக்கு அதிகப் படம் எடுத்ததில் மொத்தம் 803 படங்கள் வந்தன. பக்கத்துக்கு 40 படம் வீதம் 21 பக்கம் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பதினாலாம் பக்கத்தில் விரலை வைத்தார். பந்தி ஷாட்டின் மூன்றாவது படம். யாரோ ஒருவர் சாம்பார் வாளியோடு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறார். முகமே இல்லை!

"எப்படிப்பா தெரியும்?"

"தோளு ஒரு பக்கமா சரிஞ்சிருக்குல்லா."

அந்த ஷாட்டை என் செல்போனில் ஓட்டிக் காட்டினேன். ஆறு வினாடி. 150 படங்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு தாத்தா ஐந்தாறு எட்டு நடக்கிறார், சாய்ந்து சாய்ந்து. அப்பா எதுவும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். பின்னால் நின்று பார்த்த அம்மாதான் சொன்னார்: "நீங்களும் இப்ப அப்படித்தான நடக்கிய."

எதைத் தேடச் சொல்கிறோம்?

உலகம் இந்தத் துறையில் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2001 முதல் வீடியோ தேடலுக்கென்றே பரிசோதனைப் போட்டிகளை நடத்தியது. அதே 2001-ல்தான் இங்கிலாந்தில் பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் ஹாக்-ஐ கிரிக்கெட் ஒளிபரப்புக்கு வந்தது. 2003-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சிவிக், சிஸர்மேன் இருவரும், ஒரு சினிமாவில் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டினால் அது வருகிற ஷாட்டுகளை எல்லாம் எடுத்துத் தருகிற முறையைச் செய்து காட்டினார்கள். 2021-ல் வந்த கிளிப் போன்ற மாடல்களால், "வாளியோடு நடக்கிற மனிதர்" என்று வாக்கியமாக எழுதியே தேட முடிகிறது.

சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. நீளமான வீடியோவைத் தானாகச் சுருக்கும் முறைகள் பலவற்றில், முகம் பெரிதாகத் தெரிந்தால், அசைவு நிறைய இருந்தால், சத்தம் பலமாக இருந்தால் அது முக்கியமான காட்சி என்று விதி எழுதியிருப்பார்கள். கிரிக்கெட்டுக்கு அது சரி. விக்கெட் விழுந்தால் கூட்டம் கத்தும். கல்யாண வீடியோவுக்கு அந்த விதியைப் போட்டால் தாலி கட்டுவது மிஞ்சும், மேடை மிஞ்சும், பட்டுப்புடவை மிஞ்சும். முதுகு காட்டி, சத்தமில்லாமல், ஆறே வினாடி சாம்பார் வாளி தூக்கினவர் முதல் ஆளாக வெட்டப்படுவார். மெஷின் யாரையும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. எது முக்கியம் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அது செய்கிறது. தெருவில் நடக்கிற நம்மை சி.சி.டி.வி.யில் ஆராய்கிற புரோகிராமுக்கும் இது பொருந்தும். எந்த அசைவு சந்தேகத்துக்குரியது என்ற விதியை எழுதுகிறவர் ஒரு மனிதர்தான்.

அந்த விதியை எழுதுகிற நாற்காலியில், வாளி தூக்கியவர் வீட்டுப் பிள்ளையும் உட்கார வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கிற நமக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்க முடியும்? அதற்குப் பெரிய காலேஜ் வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல். நாம் படிக்கிற கணக்குதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் கிடக்கிற கேசட்டுகளையும் டிஸ்க்குகளையும் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடிக்கும் முன், கீறல் விழும் முன் நகல் எடுங்கள். பேரவை ஒரு சனிக்கிழமை ஒதுக்கித் தந்தால் ஷாட் பிரித்துக் கொடுக்க நான் தயார். ஆனால் பாதி வேலைதான் என்னால் முடியும். படத்தைக் கம்ப்யூட்டர் தேடித் தரும். அதில் இருப்பது யார் என்று சொல்ல வீட்டுப் பெரியவர்கள்தான் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர்களை எழுதி வைத்துவிடுங்கள்.