செம்புக் கம்பியும் விண்வெளி நிலையமும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நானே செய்தது" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் ஒரு ஆன்டெனா செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதில் பாதி அறிவியல், பாதி நான் செய்த தப்பு. இரண்டையும் சேர்த்தே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஒலி பாடம் நடத்தும்போது அறிவியல் சார் ஒரு நாள் அவருடைய கையடக்க ரேடியோவைக் கொண்டுவந்தார். சார் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர். அதற்கு அரசு நடத்தும் தேர்வு எழுத வேண்டும், 12 வயது ஆகியிருந்தால் போதும் என்றார். ஹாம்களுக்காகவே செயற்கைக்கோள்கள் உண்டாம். நம் நாடே ஹாம்சாட் என்று ஒன்றை 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அனுப்பியது. அது 2014 வரை வேலை செய்தது. இப்போது சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு ஹாம் பேசினால், அதை வாங்கி 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பிக் கீழே அனுப்பும். "நல்ல ஆன்டெனா இருந்தா நம்ம கிரவுண்டுலயே கேக்கலாம். யாரு செய்றீங்க?" என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

சார் சொன்னது சுருள் ஆன்டெனா. அதை 1946-இல் ஜான் கிராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டுபிடித்தார். கம்பிச் சுருள் ஆன்டெனாவாக வேலை செய்யுமா என்று அவர் வெளியூர் விஞ்ஞானி ஒருவரைக் கேட்டாராம். அவர், செய்யாது என்று சொல்லிவிட்டார். கிராஸ் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தானே கம்பியைச் சுற்றிப் பார்த்தார். வேலை செய்தது!

சுருள் எதற்கு? ஒரு கயிற்றைக் கட்டி மேலும் கீழுமாக ஆட்டினால் அலை நிமிர்ந்து போகும், பக்கவாட்டில் ஆட்டினால் படுத்துப் போகும். ரேடியோ அலையும் அப்படித்தான். நேர்க்கம்பி ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தால் படுத்து வரும் அலை சரியாகக் கிடைக்காது. மேலே போகிற செயற்கைக்கோளின் அலை எந்தச் சாய்வில் வரும் என்று நமக்குத் தெரியாது. சுருளுக்கு அந்தக் கவலை இல்லை. எப்படிச் சாய்ந்து வந்தாலும் பாதி சக்தியாவது பிடித்துக்கொள்ளும்.

கணக்கும் சுலபம்தான். 300-ஐ 437.8-ஆல் வகுத்தால் அலைநீளம் 0.685 மீட்டர், அதாவது 68.5 செ.மீ. சுருளின் ஒரு சுற்று அந்த அளவு இருக்க வேண்டும். அதைப் பை-யால் வகுத்தால் விட்டம் சுமார் 22 செ.மீ. சுற்றுக்குச் சுற்று இடைவெளி கால் அலைநீளம், 17 செ.மீ. மொத்தம் 6 சுற்று. நடுவில் பி.வி.சி. பைப், அதிலிருந்து மூங்கில் குச்சிகள், குச்சி முனையில் கம்பி. அடியில் 60 செ.மீ. சதுரத்துக்குக் கோழிக்கூண்டு வலை. கேபிளின் நடுக்கம்பியைச் சுருளிலும், மேல் பின்னலை வலையிலும் பற்ற வைக்க வேண்டும். கேபிளுக்கும் சுருளுக்கும் ஒத்துப்போக, முதல் கால் சுற்றில் ஒரு பித்தளைத் தகடு ஒட்ட வேண்டும்.

எல்லாம் கிடைத்தது. கம்பி மட்டும் இல்லை.

எங்கள் அப்பா ஒயரிங் வேலையும் மோட்டார் காயில் கட்டும் வேலையும் செய்பவர். கொட்டகையில் தடிமனான செம்புக் கம்பி 5 மீட்டர் சுருட்டி வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு எர்த் போட வாங்கியது. செம்பு விற்கிற விலைக்குக் கேட்டால் தரமாட்டார் என்று நினைத்தேன். கேட்காமலே எடுத்தேன். அவசரத்தில் நோட்டைப் பார்த்தேன். குச்சிக்காக "11" என்று எழுதியிருந்தேன். ஆரம் என்று எழுதவில்லை. அதையே விட்டம் என்று நினைத்துக் கணக்குப் போட்டு, 2.30 மீட்டரில் வெட்டிவிட்டேன். மீதியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் அப்பா கம்பியைத் தேடினார். என் தம்பி முன்பு ஒரு தடவை பழைய ஒயர் துண்டைப் பழைய சாமான் வண்டியில் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவன். அதனால் அப்பா அவனைத்தான் பிடித்தார். "டேய், எங்கடா போட்ட?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அவன் "நான் எடுக்கலப்பா" என்று அழுதான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது தெருவில் பரவி, நம் பள்ளிக்கூடத்திலும் அவனைப் "பேரீச்சம்பழம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சுருளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தேன். விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் வந்து போனது. உஸ்ஸ் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. சார் ஸ்கேலை வைத்து அளந்தார். "விட்டம் 22ம்மா. 11 ஆரம். சுத்து பாதி அலைநீளம்தான் இருக்கு, எப்படிக் கேக்கும்? நாலேகால் மீட்டர் கம்பி வேணும். வீட்ல இருக்கா?" என்றார். என்னிடம் மீதி இருந்தது 2.70 மீட்டர்தான்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்பா சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு கம்பியையும் கொண்டுபோய் முன்னால் வைத்து, "நான்தான்ப்பா எடுத்தேன்" என்றேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அது அடியை விட மோசமாக இருந்தது. பிறகு, "கம்பி போனா இன்னொன்னு வாங்கிக்கிறேன். இவன அடிச்சத எங்கத்தா போய் மாத்துறது?" என்றார். தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். அவன், "அக்கா எடுத்தத நான் பாத்தேன்ப்பா. ராக்கெட் செய்யுதுன்னு நெனச்சேன். சொன்னா நிறுத்திப்புடுவீங்கன்னு சொல்லல" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அப்பாவே சுருளைப் பிரித்து, கம்பியை நிமிர்த்தி, இரண்டு துண்டையும் சேர்த்துப் பற்ற வைத்தார். "ஒட்டுப் போட்டாலும் கரண்டு போகத்தான் செய்யும்" என்றார். இந்தத் தடவை குச்சி பைப்பின் நடுவிலிருந்து 11 செ.மீ. தம்பி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான். நோட்டில் "ஆரம்" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா அதைத் தம் மொபெட்டில் வைத்துக் கட்டிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 6.50-க்குத் தென்மேற்கில் கிளம்பும், பத்து நிமிடத்தில் வடகிழக்கில் இறங்கிவிடும் என்று சார் சொன்னார். நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் போகிறது. பக்கத்தில் வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் இறங்கியும் கேட்கும் அல்லவா? அதேபோல ரேடியோ அலைவரிசையும் மாறும். அதனால் சார் முதலில் 437.810-இல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக 437.790 வரை இறக்கினார். நான் சுருளை வானத்தில் நகர்த்திக்கொண்டே போனேன். கை வலித்தது.

திடீரென்று இரைச்சல் அடங்கியது. ஒரு ஆண் குரல், "விக்டர் யூனிஃபார்ம்" என்று ஆரம்பித்தது. வி.யு. என்றால் இந்தியா என்றார் சார். அடுத்து ஒரு குரல் "ஃபோர் சியேரா" என்றது. அது இலங்கை! தம்பி ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, "அக்கா, மேல இருந்தா வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சுமார் 400 கி.மீ. உயரத்திலிருந்து, எங்கள் ஒட்டுப் போட்ட கம்பி வழியாக! நான்கு நிமிடம் கேட்டது. பிறகு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

தோழர்களே, ஆன்டெனா இப்போது அறிவியல் அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் ஹாம் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். கம்பியை எடுத்தது நான். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பியை இனிமேல் யாரும் "பேரீச்சம்பழம்" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி