துண்டுக்குள் பேரம்

சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாரியம்மன் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறம் பிரித்துச் சொல்ல நான் பழகியது அங்கேதான், அம்மாவைப் பெற்ற அப்புச்சியோடு நடந்து நடந்து.

அவர் மாட்டின் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா? அப்புறம் சுழி, திமில், நடை. அதுவரை எல்லோருக்கும் வாய் ஓயாது. தரகர் தோள்துண்டை உதறி எடுத்ததும் பேச்சு நின்றுவிடும். துண்டுக்கடியில் இரண்டு கைகள் சேரும். முகங்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். நான் இடுப்பளவு உயரம். குனிந்தால் விரல்கள் அசைவது தெரியும், கணக்குப் புரியாது.

வீட்டுத் திண்ணையில் அப்புச்சி சொல்லித்தந்தார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்தால் ஐந்து, விட்டு மறுபடி ஒன்றைத் தொட்டால் ஆறு. நூறா ஆயிரமா என்பதை விரல் சொல்லாது. மாட்டைப் பார்த்தவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். "எண்ணு சுளுவு கண்ணு. பிடியைப் படிக்கோணும்" என்பார். அழுத்திப் பிடித்தால் அதுதான் முடிவான விலை. தளர்ந்திருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. கை வேர்த்திருந்தால் பணத்துக்கு அவசரம்.

குறைத்துக் கேட்ட விலை நாலு பேர் காதில் விழுந்தால் அடுத்து வருகிறவரும் அங்கிருந்தே தொடங்குவார். மாட்டுக்கும் மதிப்புப் போய்விடும், கொண்டுவந்தவருக்கும் தலைக்குனிவு. அந்தத் துண்டு விற்க வந்தவரின் மானத்தைக் காத்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு வருடம் வயதான பண்ணயக்காரர் ஒருவர் சினைப் பசுவோடு நின்றார். தரகர் இல்லாமல் அப்புச்சியே கை கொடுத்தார். நெடுநேரம் ஆயிற்று. கடைசியில், வரும் வழியில் என்னிடம் சொன்ன விலைக்கு மேலேயே கொடுத்தார். அந்தப் பெரியவர் வழக்கப்படி தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டார். நாங்கள் கொண்டுபோன புதுக்கயிற்றைக் கட்டினோம்.

"ஏனுங்க அப்புச்சி, சேர்த்திக் குடுத்துட்டீங்க?"

"பிடிச்ச விரலை அவரு விடவே இல்ல கண்ணு. மாட்டை விட மனசில்ல. அப்பறம் எப்படிப் பேரம் பேசறது?"

அடுத்த சித்திரையில் அவரே எங்களைத் தேடி வந்து, கன்று என்ன நிறம் என்று கேட்டார். "பொறந்தப்போ செவப்புங்க. ஆறு மாசமாச்சு, இப்பத்தான் மயிலை ஏறுது" என்றார் அப்புச்சி.