திறப்பின் அடையாள அட்டை

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை அதிகாலையில் எனது கார் என்னை யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டது.

மாமிக்கு அன்று கண்ணில் சத்திரசிகிச்சை. காலை 7 மணிக்கு மட்டக்களப்பு நகரில் நிற்க வேண்டும். தன்னாமுனையிலிருந்து நகரம் அப்படியொன்றும் தொலைவில்லை. திருகோணமலை வீதியில் சத்துருக்கொண்டானையும் ஊறணியையும் கடந்தால் வந்துவிடும். மாமியைப் பின்னிருக்கையில் அமர்த்திவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் உயிர்பெற்று எழுந்தது, இரண்டு நொடி ஓடியது, அணைந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி இரண்டு நொடி. முகப்பில் திறப்பின் படம் போட்ட சிறிய சிவப்பு விளக்கொன்று விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரிசை முடிந்திருந்தது. திகதி தள்ளிப்போயிற்று. பல வாரங்களாக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்த மாமி, திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. முந்திய வாரம் காரின் வானொலியைத் திருத்த ஏறாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்திருந்தார். முகப்புக்குக் கீழே தலையைவிட்டு வயர்களை இழுத்தவர் அவர்தான். தொலைபேசியில் அழைத்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மாமியின் கண்ணையும் சேர்த்தே சொன்னேன். “அந்தப் பக்கம் நான் கையே வைக்கல்ல, சேர்” என்றார். நான் நம்பவில்லை. முப்பது வருடங்களாகச் செய்தி எழுதுகிறவன்; ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய இளம் நிருபர்களின் பிரதிகளைக் கிழித்துப் போட்டவன்.

நகரத்துத் திருத்தகமொன்றில் காரைப் பார்த்துவிட்டு, அதன் கணினிப் பெட்டியே பழுது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது தேட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை எனது இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். புதுக் கார் வாங்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதன்மீது ஏறிய வரியைப் பார்த்தபின் என்னைப் போன்றவர்கள் 2001 ஆம் ஆண்டு ஜப்பானியக் காரை இன்னும் அன்போடு துடைத்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் இந்த இமொபிலைசர் என்னவென்று வாசிக்கத் தொடங்கினேன். திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பற்றரி கிடையாது. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் மெல்லிய மின்காந்த அலையை அனுப்ப, சில்லு அதிலிருந்தே சக்தி பெற்றுத் தனது இலக்கத்தைச் சொல்கிறது. காரின் கணினி அதைத் தன் பதிவோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் பெற்றோலையோ மின்பொறியையோ நிறுத்திவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தில் இந்தக் கருவியால் கார்த் திருட்டு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று வான் ஊர்ஸ், வொல்லார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், இது ஒரு சோதனைச்சாவடி. இதே திருகோணமலை வீதியில் யுத்த காலத்தில் சைக்கிளிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி நடந்தவர்கள் நாங்கள். முகம் தெரிந்தவனாக இருப்பதில் அங்கு பயனில்லை. நேற்றுப் போனவன் என்பதிலும் பயனில்லை. அட்டை வேண்டும். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவனின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாசித்ததைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பற்றரியின் அழுத்தம் 12.5 வோல்ட், குறையில்லை. மற்றத் திறப்புகளும் உலோக வளையமும் அலையைக் குழப்பலாம் என்பதால் கொத்திலிருந்து கழற்றித் தனியாகப் போட்டுப் பார்த்தேன். உப்புக்காற்று தின்றிருக்குமோ என்று கம்பிச்சுருளின் இணைப்பைக் கழற்றித் துடைத்தேன். அதே இரண்டு நொடி. முதலில் செய்ய வேண்டியது இரண்டாவது திறப்பால் முயல்வது. நான் இந்தக் காரை வாங்கும்போதே திறப்பு ஒன்றுதான்.

வியாழன் மாலை அந்த இளைஞர், நான் அழைக்காமலே வந்தார். விளக்கு மினுங்குவதைப் பார்த்தார். திறப்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார்.

“இந்தக் கூடு புதுசா, சேர்?”

ஆம், புதுசு. ஞாயிறு இரவு, பழைய கூடு வெடித்துப்போனதால் சந்தையில் வாங்கிவந்த வெறுங்கூட்டுக்குள் திறப்பின் அலகையும் பொத்தான் தகட்டையும் நானே சாப்பாட்டு மேசையில் வைத்து மாற்றினேன். பொத்தானை அமத்தினால் கதவு திறந்தது. வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன். கதவைத் திறப்பது ஒன்று, எஞ்சினுக்கு அனுமதி தருவது வேறொன்று என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் கூட்டைப் பிளந்து காட்டினார். சில்லுக்கு உரிய குழி வெறுமையாக இருந்தது.

பழைய கூடு எங்கே? எதையும் எறியாத எனது மனைவி, அறுந்த பொத்தான்களும் ஊசிகளும் போடும் பிஸ்கட் தகரத்தில் அதையும் போட்டு வைத்திருந்தார். எறிந்திருந்தால் புதிய சில்லொன்றைக் காருக்குப் பதிவுசெய்ய ஆள் தேடி அலைந்திருக்க வேண்டும். (உங்களிடமும் ஒரே திறப்புத்தான் இருக்கிறதென்றால், அது வேலை செய்யும்போதே இரண்டாவதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள், எல்லாம் தொலைந்தபின் செலவு பன்மடங்கு.) பழைய கூட்டின் மூலையில் ஒட்டிக்கிடந்த சில்லை அவர் ஊசிமுனையால் கிளப்பி எடுத்துப் புதுக் கூட்டில் பொருத்தினார். கார் முதல் திருப்பிலேயே எழுந்து நின்று ஓடியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

“தம்பி, அண்டைக்கு நான் கதைச்சது பிழை” என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து பற்றரியைப் பார்த்தார்.

“மாமிக்கு மறுகா எப்ப திகதி, சேர்?”

“வாற மாதம் ரெண்டாந் திகதி.”

“அதுக்கு முதல் இந்தப் பற்றரி முனையைத் துடைச்சு வைங்க. உப்புப் பூத்திருக்கு.”